வர்ணம் பூசிய எஞ்சின்கள்



வீட்டில் ஒரு மணவிழா என்றால், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பேச்சு எழுந்துவிடும். பழைய கறைகள் மறைய வேண்டும். வருகிறவர் கண்ணுக்கு வீடு புதிதாகத் தோன்ற வேண்டும். கூரை ஒழுகுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். நாடுகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக இரயில் எஞ்சின்களுக்கு வர்ணம் பூசிய வரலாற்றை இம்மாதம் சற்றே நோக்குவோம். வேடிக்கையும் உண்டு அதில், வேடிக்கையல்லாததும் உண்டு.

1776-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டிஷ் ஆட்சியினின்று விடுபட்டதாகப் பிரகடனம் செய்தன. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்னும் கருத்து அப்பிரகடனத்தின் நெஞ்சம் எனலாம். அதன் இருநூறாம் ஆண்டு 1976-இல் நிறைந்தது. நம் நாட்டைப் போல அங்கே சரக்கு இரயில்கள் அரசின் ஒரே துறையாக இயங்கவில்லை. தனியார் நிறுவனங்கள் பல; ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு நிறம். பென் சென்ட்ரல் எஞ்சின் என்றால் கறுப்பு. சாண்டா ஃபே சரக்கு எஞ்சின் என்றால் நீலமும் மஞ்சளும். தண்டவாள ஓரத்துச் சிறுவன்கூட நிறத்தைக் கண்டே நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுவான். அத்தகைய நிறத்தைக் கழித்துவிட்டுத் தேசியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலத்தை அணிவதென்பது ஒரு வணிக நிறுவனத்துக்குச் சிறிய செயலன்று.

முதலில் முன்வந்தது தென்கிழக்கு மாநிலங்களில் ஓடிய சீபோர்டு கோஸ்ட் லைன் என்னும் நிறுவனம். விழாவுக்கு ஐந்தாண்டுகள் இருக்கையிலேயே, 1971-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிய 3,600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றுக்கு அது மூவண்ணம் பூசிற்று. எண்ணும் விழாவுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டது: 1776. அதன் பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் தொடங்கினர். சாண்டா ஃபே நிறுவனம் 5700 முதல் 5704 வரை ஐந்து எஞ்சின்களை ஒருசேர அலங்கரித்தது. விழா ஆண்டு பிறப்பதற்குள் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் கொடியின் நிறத்தில் ஓடின. 1776 என்னும் எண்ணைப் பல நிறுவனங்கள் தமதாக்கிக்கொண்டன.

இவ்வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்கிறவருக்கன்றோ அதன் அருமை தெரியும்! எஞ்சின் அறுபது, எழுபது அடி நீளம். அதன் பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள், காற்றுச் சட்டங்கள், கைப்பிடிகள், படிகள். இத்தனைக்கும் மேலாக ஒரு கோடு கோணாமல் செல்ல வேண்டும். முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அடிப்பூச்சு இட்டு, ஒரு நிறம் காய்ந்த பின் அதை மறைத்து ஒட்டி அடுத்த நிறம் பூச வேண்டும். கறுப்பு எஞ்சினில் புகைக்கரி தெரியாது. வெள்ளைப் பட்டையில் முதல் பயணத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த பெரும்பழுதுக்குப் பணிமனைக்கு வந்தபோது பெரும்பாலானவை மீண்டும் நிறுவனத்தின் பழைய நிறத்துக்கே திரும்பியதில் வியப்பில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்த எஞ்சின்களுள் சில, கடனில் மூழ்கிய வீடுகளின் மணப்பந்தல்களாக இருந்தன. பென் சென்ட்ரல் 1970 ஜூனில் நொடித்தது. அந்நாடு அதுவரை கண்டவற்றுள் மிகப் பெரிய நிறுவன வீழ்ச்சி அது. அதன் தண்டவாளங்களையும் வண்டிகளையும் 1976 ஏப்ரல் 1 முதல் கான்ரெயில் என்னும் புதிய அமைப்பு ஏற்றது. 1934-இல் செய்யப்பட்ட 4800 எண்ணுள்ள மின்சார எஞ்சின், உடலெங்கும் ஆணிக்கொண்டைகள் தெரிய, அந்த முதிய வயதில் விழாக்கோலம் பூண்டது. ராக் ஐலண்டு நிறுவனமும் 652 எண்ணுள்ள எஞ்சினுக்கு மூவண்ணம் பூசி அதற்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயரிட்டது. நிறுவனமோ 1975 மார்ச்சிலேயே நொடித்துப்போயிருந்தது. பராமரிப்பற்ற தண்டவாளத்தில் வண்டிகள் ஊர்ந்து சென்றன. 1980 மார்ச் 31-உடன் அதன் ஓட்டமே நின்றது. கூரையை மறந்து சுண்ணாம்பு அடித்த வீடு என்று நான் தொடக்கத்தில் சொன்னது நினைவிருக்கும்.

எனினும் பணமின்மை ஒரு குற்றமன்று. நொடித்த நிலையிலும் தன் எஞ்சினை அழகுற அலங்கரித்த தொழிலாளியை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. எஞ்சின் மேல் பூசிய நிறத்துக்கும் அதன் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்த வேறொரு சோதனை உண்டு. அதற்கு நாம் இருபத்தொன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1947 செப்டம்பர் 17. அமெரிக்க அரசியலமைப்பு கையெழுத்தான 160-ஆம் ஆண்டு நிறைவு நாள். அன்று பிலடெல்பியாவிலிருந்து ‘சுதந்திர இரயில்’ என்னும் ஏழு பெட்டி வண்டி புறப்பட்டது. அதை இழுத்த ஆல்கோ டீசல் எஞ்சின் வெண்ணிறமாயிருந்தது, அதன் மேல் நெடுகச் சிவப்பும் நீலமுமான பட்டைகள் ஓடின, எண் 1776. பிற்காலத்து எஞ்சின்களுக்கெல்லாம் இதுவே மூத்த அண்ணன். பெட்டிகளுக்குள்ளே, கடற்படை வீரரின் காவலில், நாட்டின் மூல ஆவணங்கள் இருந்தன. ஜெபர்சன் கைப்பட எழுதிய சுதந்திரப் பிரகடன வரைவு, அரசியலமைப்பின் வாஷிங்டனது பிரதி, அடிமைகளை விடுவித்த லிங்கனின் பிரகடனம் முதலியவை அவற்றுள் சில. அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க்கின் துறையில் எழுந்த இத்திட்டத்தை நடத்தியது அமெரிக்க மரபுரிமை அறநிறுவனம்.

புறப்படும் முன்பே ஒரு கேள்வி எழுந்தது. தென்மாநிலங்களில் அக்காலத்தில் கறுப்பின மக்களுக்குப் பள்ளி தனி, குடிநீர்க் குழாய் தனி, இரயில் பெட்டியும் தனி. இரயில் பெட்டியைக் கொண்டே அக்கொடுமை நீதியின் முத்திரையையும் பெற்றிருந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். 1892 ஜூன் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் அமர்ந்தார், கைது செய்யப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தனித்தனியாக, ஆனால் சமமாக வைக்கலாம் என்று 1896-இல் தீர்ப்பாயிற்று. சமம் என்பது ஏட்டில் நின்றது. தனி என்பது மட்டும் நடந்தது. ஆகவே சுதந்திர இரயில் தெற்கே வரும்போது அதன் படியில் ஏறுவதற்கும் நிறத்துக்கொரு வரிசை உண்டோ என்று கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவ்வாண்டே ஒரு கவிதையில் கேட்டார்.

நடத்தியோர் துணிவாகவே விடையிறுத்தனர்: எந்த ஊரிலும் பிரித்து நிறுத்தலாகாது. இதனை எல்லா நகரங்களும் விரும்பி ஏற்கவில்லை. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகர மேயர், வெள்ளையருக்கு ஒரு நேரம், கறுப்பினத்தாருக்கு வேறு நேரம் என்று அறிவித்தார். அந்த ஊர்ப் பயணம் நிறுத்தப்பட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரம் வேறு தந்திரம் செய்தது. நேரம் ஒன்றே, ஆனால் வரிசை இரண்டு. மாறி மாறி உள்ளே விடுவோம் என்றது. அதுவும் பிரிவினையே எனக் கண்டு, அங்கும் வண்டி நிற்கவில்லை. 1963-இல் ஊர்வலம் வந்த சிறுவர்கள் மீது நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவி உலகம் அறியப் பெயர் கெடுத்துக்கொண்ட புல் கானர்தான் 1947-லும் அந்நகரின் காவல் பொறுப்பாளர்.

வெள்ளை எஞ்சினையும் கொடியின் நிறத்தையும் கண்டு மகிழ இரு நகரங்களும் ஆயத்தமாகவே இருந்தன. கொடிக்கு எதிரிகள் அல்லர் அவர்கள். கொடியை வணங்குவதில் யாருக்கும் பின்னடையாதவர்கள். தமக்கு முன்னால் நிற்கும் மனிதனின் தோளுக்குப் பின்னால் நிற்பதுதான் அவர்களால் இயலவில்லை.

தெற்கின் வேறு பல நகரங்கள் விதியை ஏற்றன. அங்கெல்லாம் மக்கள் ஒரே வரிசையில் நின்று ஏறினர். அலபாமாவின் தலைநகரான மாண்ட்கமரியில் 1947 டிசம்பரில் வண்டி நின்றது. கறுப்பின இளைஞர் குழு ஒன்றை அங்கே அழைத்துச் சென்றவர் ஒரு தையற்காரப் பெண்மணி. வெள்ளைச் சிறுவர்களோடு ஒரே வரிசையில் தம் பிள்ளைகளை நிறுத்தியதற்காக அவருக்கு மிரட்டல் தொலைபேசிகள் வந்தன. அப்பெண்மணியின் பெயர் ரோசா பார்க்ஸ். எட்டாண்டுகள் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, அதே நகரில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் அவரே.

அந்த வண்டி 1949 ஜனவரி வரை ஓடி, முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் நின்றது. ஏறிப் பார்த்தோர் சுமார் 35 இலட்சம்.

இனி இருநூறாம் ஆண்டு விழாவுக்குத் திரும்புவோம். அப்போதும் ஒரு சுதந்திர இரயில் ஓடிற்று. தரகுத் தொழில் புரிந்த நீராவி எஞ்சின் பித்தர் ராஸ் ரோலண்டு என்பவரின் கனவு அது. 1975 ஏப்ரல் 1 அன்று டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் தொடங்கி, தொடர்நிலப்பரப்பின் 48 மாநிலங்களையும் சுற்றி, 1976 டிசம்பர் 31 அன்று மியாமியில் முடிந்தது. இழுத்தவை மூன்று நீராவி எஞ்சின்கள். அவற்றுள் ரெடிங் நிறுவனத்தின் 2101, பால்டிமோரில் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது; ஏறத்தாழ முப்பதே நாளில் அதற்கு உயிரூட்டினர். சதர்ன் பசிபிக்கின் 4449 எஞ்சினோ போர்ட்லண்டு நகரில் 1958 முதல் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் பொம்மையாக நின்றது. குப்பையினின்று எடுத்துப் பூசியது என்பதால், இவ்விரண்டின் மூவண்ணம் மற்றவற்றினும் எனக்கு உவப்பானது.

பெட்டிகளுக்குள் நகரும் தளம் அமைத்து, நின்றவாறே மக்கள் கடந்து செல்லும்படி செய்திருந்தனர். 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். காட்சிப் பொருள்களின் கலவை நமக்குச் சற்றே சிரிப்பூட்டும்: வாஷிங்டனின் அரசியலமைப்புப் பிரதிக்கு அருகாமையில் திரைப்பட நடிகையின் ஆடை, குத்துச்சண்டை வீரரின் கால்சட்டை, நிலவினின்று கொணர்ந்த கல். அவற்றினிடையே மார்ட்டின் லூதர் கிங் நின்று போதித்த பிரசங்க மேடையும் அவரது அங்கியும் இருந்தன. ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தியவர் கிங். 1947-இல் நிறத்துக்கொரு வரிசை கேட்ட மாநிலத்தின் போராட்டம், 1976-இல் அதே பெயர் கொண்ட வண்டியின் உள்ளே போற்றுதற்குரிய பொருளாகிவிட்டது. வெளியே பூசிய நிறம் இரு முறையும் ஒன்றுதான்.

1971-இல் முதல் மூவண்ண எஞ்சினை ஓடவிட்ட சீபோர்டு கோஸ்ட் லைனின் தண்டவாளங்கள் பர்மிங்ஹாமுக்கும் மாண்ட்கமரிக்கும் சென்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இடைப்பட்ட காலத்தில் அங்கே பெட்டிகள் ஒன்றாகியிருந்தன. வர்ணத்தால் ஆனதல்ல அது.

நீராவி எஞ்சின் 2101, 1979-இல் கென்டக்கியில் எஞ்சின் கொட்டகைத் தீ விபத்தில் சிக்கிச் சேதமுற்று, பின்னர் பால்டிமோரின் இரயில் காட்சிச்சாலையைச் சென்றடைந்தது. 4449 போர்ட்லண்டுக்குத் திரும்பியது. 1981-இல் தன் பழைய செம்மஞ்சள் நிறத்தை மீண்டும் பெற்றது. 1947-இன் வெண்ணிற எஞ்சினுக்கு இத்தகைய முதுமை வாய்க்கவில்லை. ஓட்டம் முடிந்தபின் அது கல்ஃப், மோபில் அண்டு ஒகையோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே நிறுவனத்தின் சிவப்பு அதன் மேல் ஏறிற்று. எண்ணும் 292 என்றாயிற்று. அந்நிறுவனத்தின் தண்டவாளம் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களூடே மோபில் துறைமுகம் வரை சென்றது. அம்மாநிலங்களில் நிறத்துக்கொரு பெட்டி என்னும் வழக்கம் அப்போதும் நீங்கவில்லை. மாநில எல்லை தாண்டிச் செல்லும் பயணிகளை இரயிலில் நிறம் பார்த்துப் பிரிக்கலாகாது என்று மாநிலங்களிடை வணிக ஆணையம் ஆணையிட்டது 1955 நவம்பரில். 1956 ஜனவரி 10 அன்று அவ்வாணை நடைமுறைக்கு வந்தபோது, 1776 என்னும் எண் அந்த எஞ்சினின் மேலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.