தங்கத் தகடு போர்த்திய இறைச்சியும் நபி இப்ராஹீமின் விருந்தும்



முழங்கை வழியாக உப்பு தூவும் துருக்கியர் நுஸ்ரத் கோக்சேயை நம் பிள்ளைகள் நன்கறிவர். 2017 ஜனவரியில் பரவிய ஒரு காணொளி அவரை ‘சால்ட் பே’ ஆக்கியது. அவருடைய உணவகம் துபாயில் ஃபோர் சீசன்ஸ் நட்சத்திர விடுதியில் இருக்கிறது. 2021இல் இலண்டன் பார்க் டவர் விடுதியிலும் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு தங்கத் தகடு போர்த்திய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றின் விலை அப்போது 1,450 பவுண்டாக இருந்தது; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய்.

“இறைச்சி ஹலால்தானே ஹஜ்ரத், பிறகென்ன?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நல்ல இறைச்சியை விரும்பி உண்பது குற்றமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் ஆட்டின் முன்னங்கால் இறைச்சியை விரும்பினார்கள். ஆயினும், ஹலால் என்னும் சொல் அறுத்த முறையைப் பற்றிய ஐயத்தைத்தான் தீர்க்கிறது. உண்ணும் முறைக்கு வேறு கேள்வி உண்டு. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்த கையோடு விரயத்தைத் தடுக்கிறது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதை நபிகளார் தடுத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தகட்டை உண்பதன் சட்டத்தை ஃபிக்ஹ் அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். அத்தகடு நாவுக்குச் சுவை தராது. வயிற்றில் செரிக்கவும் செரிக்காது. அது பயன்படுவது கேமராவுக்கு மட்டுமே.

2019 ஜனவரியில் கால்பந்து வீரர் ஃபிராங்க் ரிபெரி துபாயில் இவ்விறைச்சியை உண்ணும் காணொளியை வெளியிட்டார். பலர் ஏசினர்; அவரும் தகாத சொற்களால் திருப்பி ஏசினார்; பயர்ன் மியூனிக் கழகம் அவருக்கு அபராதம் விதித்தது. உண்டவர் ஒருவர், நாவைக் கெடுத்துக்கொண்டவர் பலர்.

குர்ஆனிலும் ஓர் இறைச்சி விருந்து உண்டு. முன்பின் அறியாத விருந்தினர் வந்தபோது நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றைப் பொரித்துக் கொணர்ந்து, அவர்களருகே வைத்தார்கள். விருந்தினர் கூச்சப்படக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சென்றார்கள் என விரிவுரையாளர்கள் விளக்குவர். முழுக் கன்று எளிய உணவன்று. ஆனால் அதில் காட்சி இல்லை. கவனம் முழுவதும் விருந்தினர்மீது இருந்தது.

இதைத் திருப்பூரிலிருந்து எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாடகையையும் அரிசியையும் கணக்கிடும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை! ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் சகோதரரின் துபாய் விருந்துப் படம், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் சகோதரரின் கைப்பேசிக்கும் வந்து சேர்கிறது. “நாம எப்ப அத்தா அங்க போவோம்?” என்று மகன் கேட்கிறான். அந்தக் கேள்வியோடு அது முடிவதில்லை. அதே அளவுகோல் நாளை வலீமாவுக்கும் வருகிறது. ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்காக லைவ் கவுண்டர்கள் பெருகுகின்றன. தையல் கூலியில் வாழ்பவர் கடன் வாங்குகிறார். செல்வந்தரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்னும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அல்லாஹ் வசதி கொடுத்தவர் குடும்பத்தோடு நல்ல உணவகத்துக்குச் செல்லட்டும், வயிறார உண்ணட்டும், அல்ஹம்துலில்லாஹ் என்று எழட்டும். புறப்படும் முன் ஒன்றை மட்டும் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும்: படம் எடுக்க அனுமதி இல்லை என்றால் இதே விலைக்கு இதை உண்பேனா? இல்லை என்று மனம் சொன்னால், அந்தப் பணம் பசிக்காகச் செலவாகவில்லை. அதைத் தம் கம்பெனியில் தைப்பவரின் வீட்டுக்கு, நபி இப்ராஹீம் (அலை) அவர்களைப் போல ஓசையின்றிக் கொண்டுசெல்லலாம்.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.