காட்சிப் பொருளா, செயற்களமா?

நகரங்களின் தரிசு நிலங்களில் பசுமைத் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைக்கும் முயற்சி இந்தியாவெங்கும் பெருகிவருகிறது. சூரிய மின்தகடுகள், சிறிய காற்றாலை, விளக்கப் பலகை, திறப்பு விழா என்பதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து அத்தகடு பழுதுற்றால் அதனால் எவருக்கும் இழப்பில்லை. ஆகவே எவரும் அதைச் சரிசெய்வதும் இல்லை.

கேரளத்தின் ஆலப்புழை இதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. அந்நகரின் குப்பை நெடுங்காலம் அண்மையிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. அவ்வூர் மக்களின் எதிர்ப்பால் வண்டிகள் நின்றன, நகரம் நாறியது. 2012-இல் தொடங்கிய 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டம், கழிவை அது தோன்றும் இடத்திலேயே மட்கச் செய்ய முனைந்தது. வீடுகளுக்கு எரிவாயுக் கலன்களும் குழாய் உரக்கலன்களும் வந்தன. வீட்டில் அதற்கு இடமில்லாதோருக்காக, குப்பை குவிந்துகிடந்த பொதுவிடங்களிலேயே காற்றோட்ட உரத்தொட்டிகள் எழுந்தன.

கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி மையத்தில் உருவான எளிய முறை அது. காற்றுப் புக இடைவெளிவிட்டுக் கட்டிய தொட்டியில் சாணம், காய்ந்த இலை, சமையற்கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டால், ஏறத்தாழ 3 மாதங்களில் உரம் கிடைக்கும். முறையாகப் பேணினால் துர்நாற்றமும் இராது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கழிவு மேலாண்மைக்காகப் பாராட்டிய 5 நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று.

அங்கே செயல்விளக்கம் என்பது அன்றாடப் பணியின் மறுபெயர். ஒருநாள் தொட்டி கவனிப்பாரற்றுப்போனால் மறுநாளே தெரு அதை அறியும். அந்த அறிதலே பராமரிப்புக்கு உத்தரவாதம். அதேவேளையில், தொட்டியை நாள்தோறும் கவனிக்கும் தொழிலாளிக்கு ஊதியம் இல்லையேல் இம்முறையும் நிலைக்காது.

கல்விப்புலத்திற்கும் இதில் பொறுப்புண்டு. ஆய்வு நிதி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. கட்டுரை வெளியானபின் கருவி துருப்பிடிக்கிறது. 'பயன்படாத நிலம்' என்னும் அரசுச் சொல்லையும் ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கலாகாது. கழிவு பொறுக்குவோர் பொருள்களைத் தரம்பிரிக்கும் இடமும், தள்ளுவண்டிக்காரர் இரவில் வண்டி நிறுத்தும் இடமும் பதிவேட்டில் வெற்றிடமாகவே தெரியும். பசுமையின் பெயரால் வேலி எழும்போது முதலில் வெளியேறுவோர் அவர்களே.

எனவே, நிலம் ஒதுக்கப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுத்தில் வேண்டும். இக்களம் அப்பகுதியினரின் எந்த அன்றாடத் தேவையை நிறைவுசெய்யும்? நிதி தீர்ந்தபின் அதைப் பேணுவோருக்கு யார் ஊதியம் தருவர்? இன்று அந்நிலத்தில் பிழைப்போருக்கு அங்கே என்ன இடம்? இவற்றுக்கு விடையில்லாத திட்டத்திற்குப் பல்கலைக்கழகங்கள் தம் பெயரையும் மாணவர் உழைப்பையும் தர மறுப்பதே முறை.