சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சை சாகாது

ஒழுகும் வார்டுச் சுவரில் கரும்புள்ளி படர்ந்தால் ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: மேலே சுண்ணாம்பு. அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே புள்ளி. மும்பையிலோ ஜூனில் இறங்கும் மழை செப்டம்பர் வரை விடாது.

நனைந்த சுவரையும் கூரைப் பலகையையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை முளைத்துவிடும். அதன் வித்துகள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். திடகாத்திரமானவருக்குத் தும்மலோடு தீரலாம். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேறும் குழந்தைக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கும் உயிருக்கே ஆபத்து. 2021-இல் நாடெங்கும் பல்லாயிரம் பேரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சையை மறந்துவிட்டோமா? (அதற்குச் சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் பெருங்காரணம், எல்லாப் பழியையும் சுவர்மேல் போடவில்லை.) ஈரமும் பூஞ்சையும் உடல்நலக் கேடு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டுவிட்டது.

பணமில்லை என்பார்கள். வருடாவருடம் சுண்ணாம்புக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

தோழர்களே, மே மாதத்திலேயே மொட்டைமாடியையும் குழாய்களையும் பழுதுபார்க்கக் கேட்போம். தண்டவாளத்தைச் சோதித்ததற்கு ரயில்வேயில் பதிவேடு உண்டு. நோயாளியின் தலைக்கு மேலுள்ள கூரைக்கு ஏன் இல்லை? ஒழுகல் கண்ட நாளும் உலர்த்திய நாளும் அதில் ஏறட்டும். நோயாளிகளை வேறு வார்டுக்கு மாற்றிய பிறகே சுவரைச் சுரண்டவேண்டும். தூசியோடு வித்தும் கிளம்பும். சுரண்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் முதல் நாளே கொடுக்கவேண்டும்.