விரலுக்கேற்ற விசைப்பலகை

எழுதுகோல் பிடித்த கையை ஏற்றமுடைய கை என்று போற்றி வந்தது நம் சமுதாயம். அக்கை இன்று விசைப்பலகைக்கு மாறிவிட்டது. வருகைப் பதிவேடு, வினாத்தாள், அகமதிப்பீட்டு மதிப்பெண், ஆய்வேடு, ஏன், இம்மலரின் பக்கங்கள் உட்பட யாவும் விசைப்பலகை வழியாகவே பிறக்கின்றன. பேனா வாங்கக் கடைக்குச் சென்றால், முனை கீறுகிறதா, மை சீராக இறங்குகிறதா என்று தாளில் நான்கு கோடு கிழித்துப் பார்த்து வாங்குகிறோம். நாள் முழுதும் விரல்கள் உழலும் விசைப்பலகையை மட்டும் பெட்டியைக்கூடப் பிரித்துப் பாராமல் வாங்குவது ஏன்? இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் சொந்த அனுபவமே இவ்வினாவிற்கு வித்தாயிற்று. சென்ற ஆண்டு மலர்ப் பணி நடந்தபோது நம் வலக்கை விரல்களின் நுனி மூட்டுகள் வீங்கித் தடித்தன. காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதே பெரும்பாடாயிற்று. வகுப்பில் சுண்ணக்கட்டி கை நழுவி விழுந்தது. யாரிடமும் நாம் சொல்லவில்லை. மூட்டை சுமப்போரும் வலை இழுப்போரும் வலியென்று சொல்லாத ஊரில், விசையைத் தட்டியே விரல் நோகிறது என்றால் நகைப்பார்களே என்னும் கூச்சம்! இறுதியில் முதுகலை மாணவர் ஒருவர் எஞ்சிய பக்கங்களைத் தட்டித் தந்தார். அவர்க்கு நன்றி கூறிய நம் நா, உண்மைக் காரணத்தைக் கூறவில்லை. மருத்துவர் பார்த்து, மூட்டுத் தேய்வின் தொடக்கம் என்றார்.

விரல் மூட்டு வலி ஒரே வகையினதன்று. நுனி மூட்டிலும் கட்டை விரலின் அடியிலும் வருவது பெரும்பாலும் தேய்வு. விரலின் அடி மூட்டுகளும் நடு மூட்டுகளும் இரு கையிலும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே மருந்தால் கட்டுப்படுத்தினால் மூட்டு சிதையாமல் பெருமளவு காக்கலாம். ஆதலின் முதலில் நாட வேண்டியது மருத்துவரையே. விசைப்பலகை மருந்தன்று, நோயுற்ற விரலின் மேல் மேலும் சுமை ஏற்றாதிருக்கும் ஒரு கருவி, அவ்வளவே.

அச்சுமையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பரவலாகக் கிடைக்கும் மலிவான விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அது நசுங்கி அடித்தளத்தைத் தொட்டால்தான் எழுத்து விழும். பழகிப் பழகி ரப்பர் இறுகிவிட்டால் இன்னும் ஓங்கித் தட்ட வேண்டும். மெக்கானிக்கல் எனப்படும் வகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் உண்டு. இவ்வகையில் பலவற்றில் விசை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். அடிவரை மோத வேண்டியதில்லை. செர்ரி நிறுவனத்தின் சிவப்பு வகைக்கு ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும். அதே நிறுவனத்தின் கறுப்பு வகைக்கு 60 கிராம் வேண்டும். விசைக்கு 15 கிராம் வேறுபாடு என்று கொண்டால், 2000 தட்டுகள் கொண்ட ஒரு பக்கத்திற்கு விரல்கள் கூடுதலாகச் செலுத்தும் அழுத்தம் கூட்டுத்தொகையில் 30 கிலோ ஆகிறது! பத்துப் பக்கம் தட்டுவோர் நிலை என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

எனினும் மிக இலேசான விசையே அனைவர்க்கும் நன்று எனக் கூறல் தவறாகும். விரலை வைத்த மாத்திரத்தில் எழுத்து விழுந்தால், விரல்களைத் தூக்கிப் பிடித்தே களைத்துப் போவோரும் உளர். மடிக்கணினியின் தட்டையான விசைகள் சிலர்க்கு இதமளிக்கும். வேறு சிலர்க்கோ அடித்தளத்தில் மோதும் அதிர்வு மூட்டில் உறைக்கும். எனவே தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இரண்டாகப் பிளந்து அமைந்த பலகைகளும் உள. 1994இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட நேச்சுரல் விசைப்பலகை அவ்வகையைப் பரவலாக அறியச் செய்தது. அவை மணிக்கட்டின் வளைவைக் குறைப்பன. பலகையின் பின்புறக் கால்களை நிமிர்த்தி வைப்பது நம்மவர் வழக்கம். அது மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்குவதால், கால்களை மடக்கி வைப்பதே நலம். இதற்குக் காசும் வேண்டா.

தமிழ்த்துறையினராகிய நாம் கருத வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. எந்தப் பலகை என்பது போன்றே எந்த விசையமைப்பு என்பதும் முதன்மையானது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருப்பெற்றது தமிழ் 99 விசையமைப்பு. அதில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. 'அம்மா' என எழுத நான்கு தட்டுகள் போதும். புள்ளி தானே விழும். 'வணக்கம்' என்பதற்கு ஆறு. அதனையே ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டும் முறையில் எட்டுத் தட்டுகள் வேண்டும்; ணகரத்திற்கு ஷிப்ட் விசையை அழுத்தும் முறையாயின் ஒன்பது. ஷிப்ட் விசைக்கு நீளும் சுண்டுவிரலின் வருத்தம் நோயுற்றோர்க்கே தெரியும்.

குறையையும் மறைக்கலாகாது. தமிழ் 99இல் கிரந்த எழுத்துகள் ஷிப்ட் விசையோடு சேர்ந்தே விழும். 'ஷாஜஹான்' என்னும் ஒரு பெயருக்கே மும்முறை அதனை நாட வேண்டும். நம் கல்லூரியின் பெயர்ப் பட்டியலைத் தட்டுவோர் இதனை நன்கறிவர். இதற்கும் வழி உண்டு. விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், 'ஸ்டிக்கி கீஸ்' என்னும் வசதியை இயக்கவா என்று கணினி கேட்கும். இயக்கிவிட்டால், இரு விசைகளை ஒருசேர அழுத்த வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம்.

பேசினாலே கணினி எழுதிக்கொள்ளும் இக்காலத்தில் இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். முதல் வரைவிற்கு அது பெருந்துணையே. ஆயினும் றகர ரகரமும், லகர ளகர ழகரமும் பிழையின்றி அமைந்தனவா என்று பார்த்துத் திருத்துவது விரலின் வேலையாகவே இன்னும் இருந்து வருகிறது. செலவாகுமே என்பது மற்றொரு தடை. கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இலேசான விசைப்பலகையின் விலை சிறு பங்கே. கணினியை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றலாம். பையில் எடுத்துச் சென்று வேண்டிய இடத்தில் இணைக்கலாம்.

நாம் இப்பொழுது அத்தகைய பலகை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். வலி முற்றும் நீங்கிவிட்டது என்று கூறோம். ஆனால் மாலை வகுப்பில் சுண்ணக்கட்டி கையில் நிற்கிறது. அது நமக்குப் போதும்.

ஆகவே நிருவாகத்தார்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கணினிக் கூடத்திற்கு மொத்தமாகப் பலகைகள் வாங்குமுன், நாள்தோறும் தட்டும் அலுவலகப் பணியாளர் இருவரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடத்தில் இரண்டு இலேசான பலகைகளையேனும் தனியே வையுங்கள். மாணவச் செல்வங்களே! தமிழ் 99ஐ இளமையிலேயே பழகிக்கொள்ளுங்கள். விரல் நொந்தால் நம்மைப் போல் மறைக்காதீர்கள். தமிழ் வளர வேண்டுமென மேடைதோறும் முழங்குகிறோம். அத்தமிழை எழுதும் விரல்களையும் காப்போமாக!