அலுமினியத்துக்காகக் கரையும் பொடி

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். காலையில் கழுவும்போது உள்ளே கறுத்திருக்கும். நாள்பட நாள்பட ஊசி குத்தியதுபோல் குழிகளும் விழும். ‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்று பாத்திரக்கடையில் சொல்வது பொய்யில்லை. துரு என்பது இரும்புக்கு மட்டும்தான். ஆனால் அரிப்பு அலுமினியத்துக்கும் உண்டு.

சட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மதுரை விமான நிலையத்தில் இறங்குகிற விமானத்தின் உடம்பும் பெரும்பாலும் அலுமினியம்தானே?

சுத்த அலுமினியம் விமானத்துக்குத் தாங்காது, மிருதுவானது. அதனால் செம்பு சேர்க்கிறார்கள். ‘2024’ என்கிற பிரபலமான கலவையில் செம்பு சுமார் 4 சதவீதம். பலம் வந்துவிடும், வினையும் கூடவே வரும். உப்பும் ஈரமும் பட்டால், உள்ளே இருக்கிற செம்புத் துணுக்கும் பக்கத்து அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு மேலே அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் கூரை, நடுவானில் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். உப்புக் காற்றில் ஏறக்குறைய 90,000 முறை பறந்த விமானம் அது. தகடுகளின் இணைப்பில் அரிப்பும் உலோகச் சோர்வும் சேர்ந்து செய்த வேலை.

இதைத் தடுக்க, பல பத்தாண்டுகளாக விமானங்களுக்கு அடிப்பூச்சாக அடிப்பது குரோமேட் பிரைமர். கீறல் விழுந்தால் அதுவே கசிந்து வந்து அடைத்துவிடும். அபாரமான சரக்குதான். ஆனால் அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், பெயிண்ட் அடிப்பவரின் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீரே கெட்டது. அது விமான பெயிண்டுக்கான ஆலை இல்லை, தோல் தொழிலை நம்பி நடந்தது. விஷம் என்னவோ ஒன்றுதான்.

மாற்று என்ன? நம் வீட்டு ஜி.ஐ. வாளியில் இருக்கிற யுக்திதான். மேலே பூசிய துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அலுமினியத்தைக் காக்க, அதைவிடவும் சீக்கிரம் கரைகிற உலோகம் வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்டன் பியர்வாகன் குழுவினர் 2000களில் பிடித்தது மெக்னீசியத்தை. பிசினுக்குள் மெக்னீசியப் பொடியை நெருக்கமாகத் திணிப்பார்கள். பொடி ஒன்றையொன்று தொட வேண்டும், தகட்டையும் தொட வேண்டும். அப்போதுதான் மின்னோட்டம் ஓடும். கீறல் விழுந்த இடத்தில் மெக்னீசியம் கரையும், அலுமினியம் தப்பிக்கும்.

மெக்னீசியத்தின் குறை, அவசரம். எப்போதும் நனைகிற இடத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் அலுமினியப் பொடியிலேயே கொஞ்சம் துத்தநாகமும் இண்டியமும் கலந்து பிரைமர் செய்தார்கள். அலுமினியத்துக்கு அலுமினியமே காவல்! ஆனாலும் குரோமேட் இன்னும் முழுசாக ஓய்வு பெறவில்லை.

இந்த அரிப்புச் சங்கதியை ஆராய்கிற பெரிய கூடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உப்புக் காற்றிலேயே உலோகங்களைச் சோதித்துப் பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு.

வீட்டுக்கு வருவோம். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது வெறும் போர்வை. கீறல் விழுந்தால் யாரும் பதிலுக்குக் கரைய மாட்டார்கள். அலுமினிய ஜன்னலில் பித்தளை திருகாணி போடாதீர்கள், அங்கேயும் அதே குட்டி பேட்டரிதான். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் ஏ.சி.யின் வெளி யூனிட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். செம்புக் குழாய் நுழைகிற இடத்தில் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா? ஏ.சி.யை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவச் சொல்லுங்கள்.