மூணு வருஷச் சோறு

ராதாபுரம் நண்பர் சூடாக எழுதியிருக்கிறார்: “பதினேழு வயசுல அரிவாள் தூக்குறவனுக்கு எதுக்கு இளைஞர் நீதிக் குழுமம்? மூணு வருஷம் சோறு போட்டு அனுப்பவா?” 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்த மாவட்டம் அவருடையது. கோபம் நியாயம். விவரம்தான் தப்பு.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பியவர் மீது கொலைப் பழி வந்தால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்து வழக்கைச் சிறார் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே பெரியவராகக் கருதி விசாரித்தால் ஆயுள் தண்டனைகூட உண்டு. தூக்கும், வெளியே வர வழியே இல்லாத ஆயுளும்தான் கிடையாது. மூன்று வருஷ வரம்பு மற்றவர்களுக்கு.

சோறு போடுகிறார்களாம்! 2022இன் கடைசி நாளில் பிடிபட்ட சிறாரை வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துப் பையன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகப் பிடிபட்டவன், வயது 17. அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்களே கைதானார்கள்.

நண்பர் கேட்டிருக்க வேண்டியது வேறு. பிடிபட்ட பையனைப் பற்றி நன்னடத்தை அலுவலர் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும்: வீட்டில் யார், பள்ளிக்குப் போனானா, கூட்டாளி யார். அதை ஒப்புக்கு நிரப்பினால் குழுமத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? பள்ளியில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறுக்குத் தடை வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் சொன்னது. ஆனால் பள்ளியில் தடுத்தாலும், விசாரணை முடிந்து பையன் திரும்பப்போவது அதே தெருவுக்கு. அங்கே கயிறு கட்டிவிடும் அண்ணாச்சிமாரைப் பற்றி நண்பர் ஒரு வரிகூட எழுதவில்லை.