குறைந்த விலையில் மல்லிகை மணம்



திருமணம், பிறந்த நாள் எனக் குடும்பங்களில் பரிசளிக்கும் வேளைகளில், பெண்களுக்கென வாங்கும் பொருள்களுள் வாசனைத் திரவியமும் ஒன்றாகிவிட்டது. மல்லிகை, சம்பங்கி முதலிய வெண்ணிற மலர்களின் மணத்தையே பலரும் விரும்புகின்றனர். ஆயினும் விலை குறைந்த புட்டியைக் கையில் எடுத்தவுடன், ‘இது வெறும் போலியோ?’ என்ற ஐயம் எழுகின்றது. இம்மாதம் அந்த ஐயத்தைச் சற்று ஆராய்வோம்.

மல்லிகையின் மென்மையான மணத்தை வெப்பம் கெடுத்துவிடும். ஆகவே முற்காலத்தில் பிரான்சு நாட்டின் கிராஸ் நகரத்தார், கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளில் மலர்களைப் பரப்பி, பழையவற்றை நீக்கிப் புதியன இட்டு, மணத்தைக் கொழுப்பில் ஏற்றினர். இன்று கரைப்பான்களைக் கொண்டு அதனைப் பிரித்தெடுக்கின்றனர். நம் சத்தியமங்கலம், கோவைப் பகுதிகளிலும் இத்தொழில் நடைபெறுகின்றது. ஒரு கிலோ மலர்ச்சாரம் கிடைக்க ஏறத்தாழ 600 முதல் 1,000 கிலோ வரை மல்லிகை வேண்டும். ஒவ்வொரு மலரையும் கையாலேயே கொய்தல் வேண்டும். 1930-ஆம் ஆண்டளவில் பாரிசில் ழான் பட்டூ நிறுவனம் வெளியிட்ட ‘ஜாய்’ என்னும் வாசனைத் திரவியத்தில், ஓர் அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் செலவாயின என்பது அந்நிறுவனத்தின் விளம்பரம். விலை ஏறியதில் வியப்பென்ன?

அவ்வாறாயின் மலிவான புட்டிக்குள் மல்லிகை மணம் வந்தது எப்படி? வேதியியலின் துணையால்தான். மல்லிகை மணம் பல பொருள்களின் கூட்டு. அவற்றுள் முதன்மையான பென்சைல் அசிட்டேட்டை ஆலையிலேயே செய்யலாம். இண்டோல் என்பது தனித்து மிகுந்தால் நாறும்; சிறிதளவே சேரும்போது மலருக்கு உயிரூட்டும். 1966-இல் வெளிவந்த தியோரின் ‘ஓ சோவாஜ்’ வழியாகப் புகழ்பெற்ற ஹெடியோன் என்னும் பொருள், மல்லிகையின் காற்றோட்டமான புத்துணர்வைத் தருகின்றது. விலையுயர்ந்த புட்டிகளிலும் இத்தகைய பொருள்கள் இடம்பெறுகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. அமெரிக்காவில் நடிகை எலிசபெத் டெய்லரின் பெயரால் 1991-இல் வெளிவந்த ‘வைட் டயமண்ட்ஸ்’, லில்லி, சம்பங்கி, மல்லிகை ஆகியவற்றின் மணத்தை நடுத்தரக் குடும்பத்தார்க்கும் எட்டும் விலையில் வழங்கி, இன்றும் விற்பனையாகின்றது.

எனவே குறைந்த விலை போலித்தனம் அன்று. மலிந்த புட்டியின்மீது ‘தூய மல்லிகைச் சாரம்’ என்று பொறித்து விற்பதே போலித்தனம். மேற்சொன்ன கணக்கை அறிந்தவர் அதில் ஏமாறமாட்டார்.

வாங்குமுன் மணிக்கட்டில் சிறிது இட்டு, அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். முதலில் வீசுவது பெரும்பாலும் சாராயத்தின் நெடியே. வெண்மலர் மணம் வலிமை வாய்ந்தது. ஓரிரு துளிகளே போதும். ஆஸ்துமா, தலைவலி உள்ளோர் அருகிருக்கும் நெருக்கமான இடங்களில் அதனையும் தவிர்ப்பது நலம். முத்து நகைமீதும் பட்டுச் சேலைமீதும் படாதவாறு காத்து, புட்டியை வெயிலும் வெப்பமும் அணுகாத இடத்தில் வையுங்கள்.

மருமகள் தன் சிறு ஊதியத்தில் மாமியாருக்கென வாங்கி வந்த புட்டியை, ‘மலிவுச் சரக்கு’ என்று சொல்லி ஒதுக்கிவிட வேண்டாம். விலைச்சீட்டைக் கொண்டு அன்பை அளப்பவர், மலரின் மணத்தையும் இழப்பர். கொடுத்தவரின் மனத்தையும் இழப்பர்.